ஈதலும் உரிமமும்: பயன்படுத்தப்படாத திரைப்படக் குறியீட்டைப் பிறர்க்கு அளித்தல் குறித்த ஒரு திறனாய்வு

முன்னுரை

விலைகொடுத்து வாங்கிய ஒரு பொருள் தமக்குப் பயன்படாதபோது அதனைப் பிறர்க்கு அளித்தல் உலக வழக்காகும். படித்து முடித்த நாளிதழும், மூத்த பிள்ளை பயன்படுத்திய பாடநூலும், பார்த்து முடித்த திரைப்பட வட்டும் இவ்வாறே கைமாறி வந்துள்ளன. இவ்வழக்கில் சட்டச் சிக்கல் இருக்கக்கூடும் என எவரும் எண்ணியதில்லை. திரைப்படம் மின்னியல் வடிவம் பெற்ற பின்னரே, வாங்கியவர் தாம் வாங்கியதைக் கொடுக்கலாமா என்னும் வினா எழுந்தது.

இங்குக் குறியீடு எனப்படுவது இலக்கியத் திறனாய்வில் வழங்கும் குறியீடு அன்று. திரைப்பட வட்டு விற்கப்படும் பெட்டிக்குள் ஒரு சிறு சீட்டு வைக்கப்பட்டிருக்கும். அதில் எழுத்தும் எண்ணும் கலந்த ஒரு தொடர் அச்சிடப்பட்டிருக்கும். அத்தொடரை உரிய இணையத்தளத்தில் பதிந்தால் அப்படம் பதிந்தவரின் கணக்கில் சேரும். ஒரு சீட்டு ஒருமுறை மட்டுமே செல்லும். வட்டினைக் கொண்டே படத்தைப் பார்த்துவிடுவோர் இச்சீட்டினைத் தொடுவதில்லை. அவ்வாறு எஞ்சிய சீட்டினை நண்பருக்கோ உறவினருக்கோ கொடுப்பது சட்டத்திற்கு உட்பட்டதா என்பதே இக்கட்டுரையின் முதன்மை வினாவாகும். கோல சிலாங்கூர், வட சிலாங்கூர்த் தோட்டப்புறங்களில் நிலவிய கைமாற்று வழக்கத்தைப் பின்னணியாகக் கொண்டு, சீட்டின் வாசகத்தையும் அதனை நீதிமன்றங்கள் வாசித்த முறையையும் மலேசியச் சட்டத்தின் சொற்களையும் இக்கட்டுரை ஆராய்கிறது.

தோட்டப்புறத்தில் கைமாறும் வழக்கம்

ஈஜோக், புக்கிட் ரோத்தான், தஞ்சோங் காராங், 2007ஆம் ஆண்டு வரை பத்தாங் பெர்ஜுந்தை எனப்பட்ட பெஸ்தாரி ஜெயா ஆகிய ஊர்களைச் சூழ்ந்த தோட்டங்களில் வாழ்ந்த தமிழர்க்கு வாசிப்பும் திரைப்படமும் பொதுவில் நுகரப்பட்டவையே. நகரிலிருந்து வரும் ஒரு நாளிதழைப் பலர் படித்தனர். எழுத்தறியாதவர்க்குப் படித்தவர் வாசித்துக் காட்டினர். தோட்டத் திடலில் வெள்ளைத் துணி கட்டிக் காட்டப்பட்ட படத்தை லயம் முழுவதும் தரையில் அமர்ந்து பார்த்தது. வீடியோ நாடா வந்தபோது, வீடியோ பெட்டி இருந்த வீடு மாலைப் பொழுதில் சிறு திரையரங்காயிற்று. பின்னர் வந்த வட்டும் அடுத்த வீட்டு அக்காவிடமும் எதிர் லயத்து மாமாவிடமும் சென்று உறையில் கீறலுடன் திரும்பியது.

இவ்வழக்கத்தை வறுமையின் விளைவாக மட்டுமே காண்பது குறைநோக்காகும். இரத்த உறவில்லாதவரையும் அண்ணன், அக்கா, மாமா என முறைசொல்லி அழைத்த சமூகத்தில், ஒரு பொருளை அளித்தல் அம்முறையை மெய்ப்பிக்கும் செயலாகவும் இருந்தது. தொல்காப்பியர் சொல்லதிகார எச்சவியலில் ஈ, தா, கொடு என்னும் மூன்றும் பொருள் வேண்டுவோர் கூறும் சொற்கள் என வகுத்து, கேட்பவர் தாழ்ந்தவராயின் ‘ஈ’ என்றும், ஒத்தவராயின் ‘தா’ என்றும், உயர்ந்தவராயின் ‘கொடு’ என்றும் கூறுவர் என்பர். தோட்டத்து லயத்தில் வழங்கிய சொல் பெரும்பாலும் ‘தா’ என்பதே. வள்ளுவரும் ஒப்புரவறிதலை 22ஆம் அதிகாரமாகவும் ஈகையை 23ஆம் அதிகாரமாகவும் தனித்தனியே வைத்தமை நோக்கத்தக்கது. வறியவர்க்கு வழங்குவது ஈகை. ஊருடன் ஒத்து வாழ்பவரின் பொருள் ஊருக்குப் பயன்படுவது ஒப்புரவு. தோட்டப்புறத்துக் கைமாற்று இரண்டாவதன் பாற்படும்.

சீட்டின் வாசகம்

இத்தகைய வழக்கத்தில் ஊறிய ஒருவர் திரைப்படக் குறியீட்டுச் சீட்டினை வாசிக்கும்போது ஒரு முரண்பாட்டினைக் காண்பார். பெட்டியின் முகப்பில் உள்ள மொழி விற்பனை மொழி. வட்டு, குறியீடு ஆகிய இரண்டும் பெட்டியுள் அடங்கும் என்று அது அறிவிக்கும். சீட்டின் அடியில் சிறிய எழுத்தில் உள்ள மொழியோ உரிமத்தின் மொழி. குறியீட்டினை விற்கவோ மாற்றவோ கூடாது என்பது அதன் சாரம். முகப்பு ‘உடைமை’ என்கிறது. அடிக்குறிப்பு ‘அனுமதி’ என்கிறது.

தமிழில் உரிமை, உரிமம் என்னும் இரு சொற்கள் ஒரே வேரிலிருந்து பிறந்து எதிர்த்திசையில் நடக்கின்றன. உரிமை தம்மிடம் இருப்பது; உரிமம் பிறரால் தரப்படுவது, ஆதலின் மீளப் பெறக்கூடியது. ‘வாங்கு’ என்னும் பொத்தானை அழுத்துபவர் உரிமையைப் பெறுவதாகக் கருதுகிறார். அவருக்குக் கிடைப்பதோ உரிமம். இம்மயக்கம் வாசகர்தம் அறியாமையால் எழுந்ததன்று, சொல்லாட்சியால் எழுப்பப்பட்டது. அமெரிக்காவின் கலிபோர்னியா மாநிலம் 2024ஆம் ஆண்டு ஒரு சட்டம் இயற்றி, 2025 ஜனவரி முதல் நாள் தொடங்கி, மின்னியல் பொருளை விற்பவர் உரிமத்தைத் தருகையில் ‘வாங்கு’ எனும் சொல்லைப் பயன்படுத்தினால், தரப்படுவது உரிமமே என்பதைத் தெளிவாக அறிவிக்க வேண்டும் என விதித்தமை இம்மயக்கத்தின் ஆழத்தைக் காட்டும்.

நீதிமன்றங்களின் வாசிப்பு

பொருளுக்குள் அச்சிட்ட வாசகத்தால் வாங்கியவரைக் கட்டுப்படுத்தும் முயற்சி புதியதன்று. அமெரிக்கப் பதிப்பகம் ஒன்று, ஒரு டாலருக்குக் குறைவாக விற்கக்கூடாது என்று தன் புதினத்தில் அச்சிட்டது. கடையொன்று அதனை 89 காசுக்கு விற்றது. 1908ஆம் ஆண்டு பாப்ஸ்-மெரில் வழக்கில் அந்நாட்டு உச்ச நீதிமன்றம் கடையின் பக்கம் தீர்ப்பளித்தது. பதிப்புரிமையாளர் ஒரு படியை ஒருமுறை விற்றவுடன் அப்படியின் மேலான விற்பனைக் கட்டுப்பாடு முடிவுறுகிறது என்பது இதனால் நிலைபெற்றது. இதனை முதல் விற்பனைக் கோட்பாடு என்பர். பழைய நூற்கடையும் நூலகமும் நூலை இரவல் தரும் நண்பரும் இக்கோட்பாட்டின் நிழலில் இருப்பவரே.

திரைப்படக் குறியீடு நேரடியாக நீதிமன்றம் ஏறிய வழக்கு டிஸ்னி நிறுவனத்திற்கும் ரெட்பாக்ஸ் நிறுவனத்திற்கும் இடையே 2017ஆம் ஆண்டு இறுதியில் கலிபோர்னியாவில் தொடங்கியது. ரெட்பாக்ஸ், வட்டும் குறியீடும் அடங்கிய பெட்டிகளைக் கடையில் விலைகொடுத்து வாங்கி, வட்டினை வாடகைக்கு விட்டுக் குறியீட்டுச் சீட்டினைத் தனியே விற்றது. 2018 பிப்ரவரியில் நீதிபதி டீன் பிரெகர்சன் டிஸ்னி கோரிய இடைக்காலத் தடையை மறுத்தார். பெட்டியின்மேல் அச்சிட்ட ஒற்றை வரி, வாங்கியவரைக் கட்டுப்படுத்தும் ஒப்பந்தம் ஆகாது என்றார். குறியீட்டைப் பயன்படுத்துவோர் வட்டினையும் தம்மிடமே வைத்திருக்க வேண்டும் என்ற நிபந்தனை, வட்டினைப் பிறர்க்கு அளிக்கும் சட்டபூர்வ உரிமையைப் பறிப்பதாகவும் அவர் கண்டார்.

எனினும், குறியீட்டுக்கு முதல் விற்பனைக் கோட்பாடு பொருந்தும் என்ற ரெட்பாக்ஸின் வாதத்தை அவர் ஏற்கவில்லை. சீட்டு கைமாறும்போது படத்தின் படி எதுவும் உருவாகியிருக்கவில்லை. அது பின்னர் ஒரு படியைப் பெறுவதற்கான வாய்ப்பு மட்டுமே என்பது அவர் கருத்து. அதன்பின் டிஸ்னி தன் வாசகத்தைத் திருத்தியது. பெட்டியைப் பெற்றவரோ அவர் குடும்பத்தினரோ மட்டும் பயன்படுத்தலாம் என்றும், தனியே விற்கப்பட்ட குறியீடு செல்லாது என்றும் புதிய வாசகம் அமைந்தது. 2018 ஆகஸ்டில் அதே நீதிபதி இப்புதிய வாசகத்திற்குட்பட்ட குறியீடுகளைப் பொறுத்துத் தடையை வழங்கினார். 2019இல் வழக்கு இணக்கத்தில் முடிந்தது. ரெட்பாக்ஸ் 2024ஆம் ஆண்டு திவாலாகி மறைந்தது.

பதிவிறக்கிய பின்னரான நிலையை வேறு வழக்குகள் காட்டுகின்றன. இணையத்தில் வாங்கிய பாடற்கோப்பை மறுவிற்பனை செய்ய உதவிய ரீடிஜி நிறுவனம் 2013இலும், மேல்முறையீட்டில் 2018 டிசம்பரிலும் தோற்றது. கோப்பினை மாற்றும்போது புதிய படி ஒன்று உருவாகிறது என்பது காரணம். ஐரோப்பிய நீதிமன்றம் 2012இல் யூஸ்டுசாஃப்ட் வழக்கில் கணினி மென்பொருளின் மறுவிற்பனையை ஏற்றபோதிலும், 2019 டிசம்பரில் டாம் கபினெட் வழக்கில் மின்னூலுக்கு அதனை மறுத்தது.

இத்தீர்ப்புகளை ஒருசேர வைத்து வாசிக்கும்போது ஒரு வியப்பான நிலை புலனாகிறது. குறியீட்டைப் பதிவதற்கு முன் படி இல்லை. ஆகவே பாதுகாப்பு இல்லை. பதிந்த பின் படி உண்டு. ஆனால் அதனை மாற்றினால் மற்றொரு படியாகிவிடும். ஆகவே அப்போதும் பாதுகாப்பு இல்லை. விலைகொடுத்தவர் உடைமையாளர் ஆகும் கணம் எங்கும் இல்லை. இதுவே இச்சிக்கலின் மையம் எனலாம்.

மலேசியச் சட்டத்தின் சொற்கள்

நம் நாட்டின் 1987ஆம் ஆண்டுப் பதிப்புரிமைச் சட்டம் (சட்டம் 332) தன் 13(1)ஆம் பிரிவில் உரிமையாளருக்கு மட்டுமே உரிய செயல்களை வரிசைப்படுத்துகிறது. மறுபடியெடுத்தல், பொதுமக்களுக்குத் தொடர்புபடுத்தல், பொதுவில் காட்டுதல், விற்பனையாலோ பிறவகை உடைமை மாற்றத்தாலோ படிகளைப் பொதுமக்களிடம் பரப்புதல், வணிக நோக்கில் வாடகைக்கு விடுதல் ஆகியன அவற்றுள் அடங்கும். பரப்பும் உரிமை, மலேசியாவில் முன்னர்ப் புழக்கத்தில் விடப்படாத படிகளை முதன்முதலாகப் புழக்கத்தில் விடுவதை மட்டுமே குறிக்கும்; அதன் பின்னரான பரப்புதலைக் குறிக்காது என்றும் அப்பிரிவே விளக்குகிறது. முதல் விற்பனைக் கோட்பாடு நம் சட்டத்தில் இடம்பெறும் வடிவம் இதுவே. ‘பிறவகை உடைமை மாற்றம்’ என்பதில் இனாமாக அளித்தலும் அடங்கும். எனவே, கடையில் வாங்கிய அசல் வட்டினை ஒருவர் இனாமாகக் கொடுத்தல் பதிப்புரிமை மீறல் ஆகாது.

குறியீட்டைப் பொறுத்தவரை மூன்று செய்திகளைப் பிரித்துக் காண வேண்டும். முதலாவதாக, எழுத்தும் எண்ணும் கொண்ட தொடர் படத்தின் படி ஆகாது. அதனைக் கொடுப்பவர் எதனையும் மறுபடியெடுக்கவில்லை. இரண்டாவதாக, அறிந்த ஒருவரிடம் ஒரு சீட்டினைத் தருவது பொதுமக்களிடம் பரப்புதலோ அவர்களுக்குத் தொடர்புபடுத்தலோ ஆகாது. மூன்றாவதாக, எஞ்சியிருப்பது ஒப்பந்தச் சிக்கல் மட்டுமே. 1950ஆம் ஆண்டு ஒப்பந்தச் சட்டத்தின்படி ஒப்பந்தம் முன்மொழிவாலும் அதனை ஏற்பதாலும் உருவாவது. நிபந்தனைகளை ஏற்றுக் கணக்கைத் தொடங்கியவர் அவற்றுக்குக் கட்டுப்பட்டவர். அவற்றை மீறினால் நிறுவனம் குறியீட்டை ஏற்க மறுக்கலாம், கணக்கை முடக்கலாம். சட்டத்தின் சொற்களை இவ்வாறு வாசிக்குங்கால், பயன்படுத்தாத குறியீட்டை ஒருவர் மற்றொருவருக்கு இலவசமாகக் கொடுத்தல் பதிப்புரிமைக் குற்றம் அன்று என்பதும், நிபந்தனையைப் பொறுத்து அது பயனற்ற கொடையாக முடியலாம் என்பதும் பெறப்படும்.

இக்கொடையைப் பிற செயல்களோடு குழப்பிக்கொள்ளலாகாது. வட்டின் பூட்டினை உடைத்துப் படியெடுத்தல் வேறு; 2012ஆம் ஆண்டுத் திருத்தம் தொழில்நுட்பப் பாதுகாப்பை முறியடிப்பதைத் தடை செய்தது. முறையற்ற ஒளிவழிப் பெட்டிகளை விற்றல் வேறு. 2022 மார்ச்சில் நடப்புக்கு வந்த திருத்தம் அதற்கு 10,000 வெள்ளிக்குக் குறையாத, 200,000 வெள்ளிக்கு மேற்படாத தண்டமோ 20 ஆண்டு வரை சிறையோ இரண்டுமோ விதிக்க வகைசெய்தது. ஒரு கணக்கின் கடவுச்சொல்லைப் பலர்க்குத் தருதலும் வேறு. அங்குத் தந்தவரும் தொடர்ந்து பார்க்கிறார், பெற்றவரும் பார்க்கிறார். பயன்படுத்தாத குறியீட்டைத் தந்தவரோ தம் வாய்ப்பை முற்றாக இழந்து தருகிறார். அது படியெடுத்தலைவிட நூலைக் கையளித்தலையே ஒத்தது.

நடைமுறைத் தடை ஒன்றும் உண்டு. அமெரிக்கப் பெட்டிகளில் உள்ள குறியீடுகள் பெரும்பாலும் அந்நாட்டில் மட்டுமே செல்லும். அங்கிருந்து உறவினர் அனுப்பும் சீட்டு பெஸ்தாரி ஜெயாவில் வெறுந்தாளாகக் கூடும். ஆயினும், இதே உரிம மொழியே இணையத்தில் வாங்கும் படங்களையும் மின்னூல்களையும் ஆள்வதால், இவ்வினா நமக்கும் உரியதே ஆகும்.

மறுப்பும் மறுமொழியும்

உரிமையாளர் தரப்பின் நியாயத்தையும் எண்ணிப் பார்த்தல் வேண்டும். வட்டு தேயும்; கீறல் விழும்; ஊர் எல்லையைக் கடக்கக் காலம் எடுக்கும். குறியீடோ தேயாது, நொடியில் உலகைச் சுற்றும். கைமாற்றுக்குத் தடையில்லையெனில் புதுப்படியை எவரும் வாங்கமாட்டார். படைத்தவர்க்கு ஊதியம் கிடைக்காது என்பது அவர்தம் வாதம். திருட்டு வட்டுகளால் தமிழ்த் திரையுலகம் அடைந்த இழப்பை அறிந்தோர் இதனை எளிதில் புறந்தள்ளவியலாது.

ஆனால் இவ்வாதம், பலமுறை கைமாறும் கோப்பிற்குப் பொருந்துமேயன்றி, ஒருமுறை பதிந்தவுடன் இறந்துபோகும் குறியீட்டிற்குப் பொருந்தாது. ஒரு சீட்டுக்கு ஒரு விலை பெறப்பட்டுவிட்டது. அச்சீட்டால் ஒரு கணக்கில் மட்டுமே படம் சேரும். வாங்கியவர் பார்த்தாலும் அவர் நண்பர் பார்த்தாலும் உரிமையாளர் அடையும் ஊதியம் ஒன்றே. ரெட்பாக்ஸ் செய்ததுபோல் தொகுதியாகப் பிரித்து விற்றலை வணிகம் எனத் தடுக்கலாம். ஒருவர் மற்றொருவர்க்கு இனாமாகத் தருவதை அதனோடு ஒன்றாக எண்ணுதல் பொருந்தாது. மேலும், குறியீடுகளுக்குக் காலக்கெடு உண்டு. இத்தகைய குறியீடுகள் பலவற்றை ஏற்ற அல்ட்ராவயலட் சேவை 2019 ஜூலை 31ஆம் நாள் மூடப்பட்டது. அளிக்கப்படாத குறியீடு எவர்க்கும் பயன்படாமல் அழியும்.

திருத்திய வாசகத்தில் இடம்பெறும் ‘குடும்பத்தினர்’ என்னும் சொல்லும் ஆய்வுக்குரியது. பெற்றோரும் பிள்ளைகளும் கொண்ட சிறு வீட்டை மனத்திற்கொண்டு எழுதப்பட்ட சொல் அது. லயத்தில் வாழ்ந்த தலைமுறைக்குக் குடும்பத்தின் எல்லை அவ்வளவு குறுகியதன்று. முறைப்பெயரால் விரிந்த உறவைச் சட்ட வாசகம் அறியாது. இதனால் அவ்வாசகம் தவறு என்று கூறவியலாது. அது எவருடைய வாழ்வை அளவுகோலாகக் கொண்டது என்பதைச் சுட்டுவது திறனாய்வின் கடமை.

லயத்து வீடும் மின்னியல் உரிமமும்

உரிமைக்கும் உரிமத்திற்கும் இடையிலான வேறுபாடு தோட்டப்புற மக்களுக்குப் புதிய பாடம் அன்று. லயத்து வீடு வேலையோடு இணைந்த வீடு. மூன்று தலைமுறை வாழ்ந்தாலும், வாசலில் முருங்கை நட்டு வளர்த்தாலும், வேலை முடிந்தால் வீட்டுக்கான அனுமதியும் முடிந்தது. தம் பிள்ளைகளுக்கு விட்டுச்செல்லும் உரிமை அதில் இல்லை. வட சிலாங்கூரின் மேரி, நைஜல் கார்ட்னர், சுங்கை திங்கி, மிஞாக், புக்கிட் தாகார் ஆகிய ஐந்து தோட்டங்களின் முன்னாள் தொழிலாளர் சொந்த வீட்டிற்காக இருபது ஆண்டுகளுக்கும் மேலாகக் கோரிக்கை எழுப்பி வந்தமை இவ்வேறுபாட்டின் வலியை உணர்த்தும்.

வீடும் திரைப்படமும் ஒருநிகரானவை அல்ல. ஒன்று வாழ்வின் அடிப்படைத் தேவை, மற்றது பொழுதுபோக்கு. ஆயினும் இரண்டிலும் காணப்படும் உறவின் அமைப்பு ஒன்றே. பயன்படுத்தலாம், கொடுக்கவியலாது. அக்காலத் தோட்டத் தொழிலாளர் தம் வீட்டைப் பிறர்க்கு அளிக்க இயலாதவராயினும், தம் கையிலிருந்த நூலையும் வட்டையும் அளிக்க இயன்றவராக இருந்தனர். அவருடைய பேரப்பிள்ளைகள் நகர்ப்புற அடுக்ககங்களில் சொந்த வீடு பெற்றிருக்கலாம். ஆனால் அவர்கள் வாங்கும் நூலும் படமும் லயத்து வீட்டின் நிலைக்கு வந்துவிட்டன.

இதன் விளைவு கல்வியுலகிற்கும் உரியது. சேலம் இராமசாமி முதலியார் தம்மிடமிருந்த சீவகசிந்தாமணிப் படியை உ.வே. சாமிநாதையரிடம் அளித்ததனால் அன்றோ 1887ஆம் ஆண்டு அந்நூல் அச்சேறும் வழி பிறந்தது? ஒருவர் கையிலிருந்த படி, அதனால் மிகுபயன் கொள்ளவல்லவர் கைக்குச் சென்றதன் பயன் அது. தமிழாசிரியர் பலரின் முதல் நூலகம், ஓய்வுபெற்ற மற்றோர் ஆசிரியரின் அலமாரியே. அந்த அலமாரி ஒரு கணக்காகவும் கடவுச்சொல்லாகவும் மாறுமாயின், அவருக்குப்பின் அது எவர்க்கும் செல்லாது. கல்வி நிலையங்கள் கட்டணமின்றி, பொதுநலன் கருதி, நேரிய முறையில் படைப்பைப் பயன்படுத்த 1987ஆம் ஆண்டுச் சட்டம் இடம் தருகிறது. தனிப்பட்ட பயன்பாட்டிற்கு மட்டும் என்ற உரிம வாசகம் அவ்விடத்தையும் சுருக்கிவிடக்கூடும் என்பதை ஆசிரியர்கள் அறிந்திருத்தல் நலம்.

முடிவுரை

பயன்படுத்தாத திரைப்படக் குறியீட்டை இனாமாக ஒருவர்க்கு அளித்தல், மலேசியச் சட்டத்தின் சொற்களை நோக்குங்கால், பதிப்புரிமை மீறலாகத் தோன்றவில்லை. அதனைத் தடுப்பது நிறுவனத்தின் நிபந்தனையே. அந்நிபந்தனையும் எந்த முறையில் அறிவிக்கப்பட்டது, எவரால் ஏற்கப்பட்டது என்பதைப் பொறுத்தே வலிமை பெறும் என்பதை 2018ஆம் ஆண்டின் இரு தீர்ப்புகளும் காட்டுகின்றன. எனவே, ஒருமுறை மட்டுமே செல்லும் குறியீட்டை விலைகொடுத்தவர், அதனைப் பதிவதற்கு முன் இலாப நோக்கமின்றி ஒருவர்க்கு அளிக்கும் உரிமையைச் சட்டமே வெளிப்படையாக ஏற்றல் வேண்டும். இதனால் படைப்பாளர் இழப்பது ஒன்றுமில்லை.

அதுவரை, வாங்கும்போதே சிறிய எழுத்தையும் வாசிக்கும் பழக்கத்தை மாணவரிடம் வளர்ப்பது தமிழாசிரியர் செய்யக்கூடிய பணியாகும். ஒரு பனுவலில் யார் பேசுகிறார், யாரிடம் பேசுகிறார், எச்சொல்லை மறைக்கிறார் என வினவுவதைத்தான் இலக்கிய வகுப்பில் கற்பிக்கிறோம். அவ்வினாக்கள் அகவற்பாவிற்கு மட்டும் உரியனவல்ல. பெட்டிக்குள் கிடக்கும் சீட்டுக்கும் உரியனவே.